ஒரே நாளில் பிறந்த பிரபலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘இன்று பிறந்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, தினமும் காலையில் நாலைந்து பெயர் எழுதுவது பத்து வருடமாக என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, சாக்பீஸ் மட்டும் நூலகத்துடையது. பேப்பர் படிக்க வருகிறவர்கள் அந்தப் பலகை முன் நின்று என்னிடம் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

ஒரே தேதியில் இத்தனை பெரிய ஆட்கள் பிறந்திருக்கிறார்களே, ஆச்சரியம் இல்லையா?

இல்லை. உலகத்தில் சுமார் 800 கோடிப் பேர். 365 நாளுக்குப் பங்கு வைத்தால் ஒரு நாளுக்கு இரண்டு கோடிக்கு மேல் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. அதை மட்டும் எடுத்தாலும், உங்கள் பிறந்தநாளே தங்களுக்கும் பிறந்தநாள் என்று சொல்லக்கூடியவர்கள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் தேறுவார்கள். அதில் நாலு பேர் பேப்பரில் பெயர் வரும்படி வாழ்ந்திருப்பதில் என்ன அதிசயம்? பெயர் வந்தவர் ஒருவர்கூட இல்லாத நாள் ஒன்று இருந்தால் அதுதான் அதிசயம். பத்து வருடத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

23 பேர் ஒரு அறையில் இருந்தால் போதும், இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

‘இருக்கும்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல், 50.7 சதவீதம். யாரும் முதலில் நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. காரணம், கேள்வியைக் கேட்டவுடன் நம் மனம் ‘என் பிறந்தநாளோடு யாருக்கு ஒத்துப்போகும்?’ என்று போய்விடுகிறது. அந்த அறையில் உங்கள் தேதியோடு இன்னொருவர் ஒத்துப்போக வாய்ப்பு 6 சதவீதம்தான். ஆனால் கேள்வி உங்களைப் பற்றியது இல்லையே! யாரோ இருவர் ஒத்துப்போனால் போதும். 23 பேரும் ஒருவர் விடாமல் கை குலுக்கிக்கொள்வதாக வையுங்கள். மொத்தம் 253 கைகுலுக்கல். ஒவ்வொன்றும் 365-இல் ஒன்று என்கிற ஒரு லாட்டரிச் சீட்டு. 253 சீட்டு வாங்கினால் பாதி வாய்ப்பாவது வராதா?

ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டு அணிக்கும் சேர்த்து 22 பேர், விசிலோடு நடுவர் ஒருவர், ஆக 23. எண்ணிக்கை 57 ஆனால் வாய்ப்பு 99 சதவீதம். நம் சட்டமன்றத்தில் 234 பேர், அங்கே சந்தேகத்துக்கே இடம் இல்லை. மக்களவைக்குக் கணக்கும் வேண்டாம். 543 பேர் நிறைந்த சபையில் பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 தேதிதான் இருக்கிறது, யாராவது மோதித்தான் ஆக வேண்டும்.

இதை நிஜ ஆட்களை வைத்துச் சரிபார்க்க முடியுமா?

முடியும். அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்தவர்கள் இதுவரை 45 பேர். 45 பேருக்கு வாய்ப்பு 94 சதவீதம். ஒரு ஜோடி சரியாக மாட்டுகிறது: ஜேம்ஸ் போல்க் (1795), வாரன் ஹார்டிங் (1865), இருவரும் நவம்பர் 2. ஹார்டிங் பிறந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1965-இல், அதே தேதியில் டெல்லியில் ஷாருக் கான் பிறந்தார். பலகையில் எழுதினால் ஷாருக்கை மட்டும்தான் எல்லோரும் படிப்பார்கள், அது வேறு விஷயம்.

இந்தியப் பிரதமர்களில், இடைக்காலமாக இருந்த நந்தாவையும் சேர்த்து 15 பேர். வாய்ப்பு கால்வாசிதான். ஒரு ஜோடிகூட இல்லை. இரண்டு நாட்டிலும் கணக்கு சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஜோடி எது?

ஜூன் 24. கண்ணதாசன் 1927, எம்.எஸ். விஸ்வநாதன் 1928.

ஒருவர் காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டி, இன்னொருவர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. ஒருவர் வார்த்தை, ஒருவர் மெட்டு. சினிமாப் பாட்டு பிறக்கிற அறையில் ஆர்மோனியத்தின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர். எம்.எஸ்.வி. மெட்டை வாசித்துக் காட்ட, கவிஞர் வாயால் வரி சொல்லிக்கொண்டே போக, பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர் பேப்பரில் பிடித்துக்கொள்வார். தமிழ் வீடுகளில் ரேடியோ வழியாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒலித்த பாட்டுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு ஜூன் 24-களும் சேர்ந்து செய்தது. குறிப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளாக அமைய 365-இல் ஒரு வாய்ப்பு. மேலே கைகுலுக்கல் கணக்கெல்லாம் சொல்லி ‘அதிசயம் இல்லை’ என்றேன் அல்லவா? இந்த ஒரு கைகுலுக்கலை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லியோனல் மெஸ்ஸியும் ஜூன் 24 (1987). போன வருடம் அவர் பெயரை எழுத மறந்து, பத்தாம் வகுப்புப் பையன்கள் வந்து சண்டை போட்டார்கள். நியாயம்தான்.

இளையராஜாவின் பிறந்தநாள் ஜூன் 2-ஆ, ஜூன் 3-ஆ?

பிறந்தது ஜூன் 3, 1943. கொண்டாடுவது ஜூன் 2. ஜூன் 3 கருணாநிதியின் பிறந்தநாள் (1924). ‘இசைஞானி’ என்ற பட்டத்தைத் தனக்குக் கொடுத்தவருடைய நாளில் தனக்கு ஒரு விழா வேண்டாம் என்று ஒரு நாள் முன்னே நகர்ந்துகொண்டார் இளையராஜா. அதனால்தான் இரண்டு தேதியும் புழங்குகின்றன.

அப்படி நகர்ந்த இடத்திலும் ஆள் இருந்தது. மணிரத்னம் ஜூன் 2 (1956). 1983-இல் தொடங்கி 1991 வரை மணிரத்னம் எடுத்த படம் எல்லாவற்றுக்கும் இளையராஜாதான் இசை. அதற்கு அடுத்து வந்த ஏ.ஆர். ரஹ்மானின் கதை இன்னும் வேடிக்கை: அவர் ஜனவரி 6 (1967), அவர் மகன் அமீனும் ஜனவரி 6 (2003). கபில்தேவும் (1959) அதே நாள்.

ஒரு தேதியை இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்தார் என்று எழுத வேறு யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் தேதி அவர்களைக் கேட்காமலே பறிபோயிருக்கிறது.

பறிபோனது என்றால்?

செப்டம்பர் 5 என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஆசிரியர் தினம். ராதாகிருஷ்ணன், திருத்தணி, 1888. அவர் ஜனாதிபதி ஆன 1962 முதல் அந்த நாள் பள்ளிக்கூடங்களுடையது. ஆனால் அதற்குப் பதினாறு வருடம் முன்பு, 1872-இல், அதே செப்டம்பர் 5-ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடியில் கப்பல் விட்டவர், கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தவர். பிள்ளைகள் டீச்சருக்குப் பேனாவும் ரோஜாவும் வாங்கிக்கொண்டு நூலகத்தைக் கடந்து போகும்போது, பலகையில் முதல் பெயராக வ.உ.சி.யைத்தான் எழுதி வைப்பேன். இதில் நான் நடுநிலை இல்லை.

அக்டோபர் 2-இல் நானே மாட்டிக்கொண்டேன். எழுத ஆரம்பித்த முதல் வருடம், காந்தி (1869) பெயரைப் பெரிதாக எழுதி, பலகை முழுக்கக் கைராட்டை படம் வரைந்து வைத்திருந்தேன். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றாமலே வாசல்படியில் நின்று படித்தார்.

“தம்பி, சாஸ்திரி எங்கே?”

“இடம் இல்லைங்க ஐயா.”

“அவருக்கு எப்பவும் இடம் இல்லைதான். அரியலூர்ல ரயில் கவுந்தப்ப மந்திரிப் பதவியை விட்டவரு. நான் அந்தப் பக்கத்து ஆளு. ராட்டையைக் கொஞ்சம் சின்னதாப் போடு.”

ராட்டையின் ஒரு சக்கரத்தை அழித்துவிட்டு ‘லால் பகதூர் சாஸ்திரி, 1904’ என்று எழுதினேன். அவர் சொன்னது 1956 நவம்பர் விபத்து. சாஸ்திரி அப்போது ரயில்வே மந்திரி. பெரியவர் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார்: “காமராஜர் போனதும் இன்னைக்குத்தான்.” ஆமாம், 1975 அக்டோபர் 2. நேரு மறைந்தபின் சாஸ்திரியைப் பிரதமராகக் கொண்டுவந்ததில் முக்கியக் கை காமராஜருடையது. அவர் கண் மூடியது அதே சாஸ்திரியின் பிறந்தநாளில்.

பிறந்தநாளும் நினைவுநாளும் இப்படி மோதுவது வேறு எங்கே உண்டு?

நிறைய. டிசம்பர் 11 பாரதியின் பிறந்தநாள் (1882), விஸ்வநாதன் ஆனந்தின் பிறந்தநாள் (1969), எம்.எஸ். சுப்புலட்சுமியின் நினைவுநாள் (2004). மார்ச் 14-இல் ஐன்ஸ்டைன் பிறந்தார் (1879), ஸ்டீபன் ஹாக்கிங் மறைந்தார் (2018). அந்த ஹாக்கிங் பிறந்த 1942 ஜனவரி 8, கலிலியோ இறந்து சரியாக 300 வருடம் முடிந்த நாள். ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மன் பிறந்ததும் இறந்ததும் ஆகஸ்ட் 29.

ஒரே தேதி மட்டும் இல்லாமல், ஒரே வருடமும் சேர்ந்து வந்தவர்கள்?

டார்வினும் ஆபிரகாம் லிங்கனும். 1809 பிப்ரவரி 12. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் வசதியான டாக்டர் வீட்டில் ஒருவர், கென்டக்கியில் மரக்கட்டைக் குடிசையில் ஒருவர்.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் யாராவது உண்டா? அவர்கள் என்று கொண்டாடுவார்கள்?

கொண்டாடுவது அவரவர் விருப்பம், 28-ஆம் தேதியோ மார்ச் முதல் தேதியோ. ஆனால் இந்தத் தேதியில் ஒரு கதை இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. அடுத்த லீப் வருடம் 1900-இல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம், 1900 வகுபடாது. ஆக, மொரார்ஜிக்கு முதல் நிஜப் பிறந்தநாள் வந்ததே எட்டு வயதில், 1904 பிப்ரவரி 29-இல். பையன் எட்டு வருடம் காத்திருந்து அடைந்த அந்த முதல் பிறந்தநாளன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ருக்மிணி தேவி அருண்டேல்.

அவர் பரதம் கற்றுக்கொண்டு, 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மொரார்ஜி 1977-இல் பிரதமர் ஆனார். அந்த வருடமே ஜனாதிபதி பதவிக்கு ருக்மிணி தேவியை நிறுத்த விரும்பிக் கேட்டார். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நாலு வருடத்துக்கு ஒரு முறை வரும் தேதி, 1461 நாளில் ஒரு நாள். அதில் பிறந்த ஒருவர் அதில் பிறந்த இன்னொருவரை ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்திருக்கிறார், அவர் நடனப் பள்ளியே போதும் என்றிருக்கிறார்.

மொரார்ஜி 99 வயது வாழ்ந்தார். பிப்ரவரி 29-ஆக எண்ணினால் அவருக்கு வந்த பிறந்தநாள் மொத்தம் 23. மேலே சொன்ன அதே எண். இதில் அர்த்தம் தேட வேண்டாம், எண்ணிப் பார்த்தேன், வந்தது.

கிரிக்கெட்டில்?

டிசம்பர் 6. ஆர்.பி. சிங் (1985), ரவீந்திர ஜடேஜா (1988), கருண் நாயர் (1991), ஜஸ்பிரீத் பும்ரா (1993), ஸ்ரேயாஸ் ஐயர் (1994), அத்தனை பேரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள். இங்கிலாந்தின் ஃபிளின்டாஃப் (1977) வேறு. சேப்பாக்கத்தில் 2016 டிசம்பரில் 303 அடித்தாரே, அந்தக் கருண் நாயர்தான்.

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொருவரில் ஜடேஜா, பும்ரா, ஸ்ரேயாஸ் மூவரும் உண்டு. பதினொருவரில் மூவருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு சுமார் எண்ணூறில் ஒன்று. இருவர் ஒத்துப்போவது சாதாரணம், மூவர் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஒரே நாளில் பிறந்தால் ஒரே குணம் வருமா?

ஜனவரி 17-ஐப் பாருங்கள். எம்.ஜி.ஆர். (1917, கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டி), குத்துச்சண்டை வீரர் முகமது அலி (1942), மிஷெல் ஒபாமா (1964), அப்புறம் சிகாகோ கொள்ளைக் கூட்டத் தலைவன் அல் கபோன் (1899). வள்ளல் என்று பெயர் எடுத்தவருக்கும் ஊரைச் சுரண்டியவனுக்கும் ஒரே தேதி. பிப்ரவரி 24-இல் ஜெயலலிதாவும் (1948) ஸ்டீவ் ஜாப்ஸும் (1955). இருவருமே கறாரான நிர்வாகிகள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தேடினால் எந்த இரண்டு பேருக்கும் ஒரு பொருத்தம் கிடைக்கும், கல்யாணத் தரகரைக் கேளுங்கள்.

நேரம்கூட ஒட்டி வரும் இரட்டையர்களையே எடுங்கள். ஆற்காடு இரட்டையர் என்று பெயர்பெற்ற முதலியார் சகோதரர்கள், 1887 அக்டோபர் 14, கர்னூல். ராமசாமி முதலியார் அரசியல், திவான் பதவி, ஐ.நா. பொருளாதார சமூகக் குழுவின் முதல் தலைவர் என்று போனார். லட்சுமணசாமி முதலியார் மருத்துவம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் துணைவேந்தர். பெரிய மனிதர்கள் ஆனதில் ஒற்றுமை, ஆன வழியில் இல்லை.

சில பேருக்கு இரண்டு தேதி போடுகிறார்களே, ஏன்?

காலண்டர் மாறியதால். பழைய ஜூலியன் காலண்டரை விட்டு இன்றைய கிரிகோரியன் காலண்டருக்கு நாடுகள் ஒரே சமயத்தில் வரவில்லை. நியூட்டன் பிறந்தபோது இங்கிலாந்துச் சுவரில் மாட்டியிருந்த தேதி 1642 டிசம்பர் 25. இன்றைய கணக்கில் அது 1643 ஜனவரி 4.

எனக்குப் பிடித்தது பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவர் பாஸ்டனில் பிறந்த அன்று தேதி ஜனவரி 6. 1752-இல் பிரிட்டனும் அதன் காலனிகளும் காலண்டரை மாற்றி, செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று போட்டன. பதினோரு நாள் போச்சு. ஃபிராங்க்ளின் பிறந்தநாள் ஜனவரி 17 ஆகிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ரஹ்மான் தேதியில் பிறந்து எம்.ஜி.ஆர். தேதிக்குக் குடிமாறியவர்.

ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி கதையும் இதே மாதிரி. இன்றைய கணக்கில் அவர் பிறந்தது 1879 நவம்பர் 7, ரஷ்யப் புரட்சி நடந்தது 1917 நவம்பர் 7. பழைய காலண்டரிலோ பிறந்தது அக்டோபர் 26, புரட்சி அக்டோபர் 25. இரண்டு காலண்டருக்கும் உள்ள இடைவெளி 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள், 20-இல் 13 நாள். அதனால் அன்றைய ரஷ்யக் காலண்டரைப் பார்த்தவர்களுக்குப் புரட்சி பிறந்தநாளுக்கு முந்தின நாள், நமக்குப் பிறந்தநாளன்றே. அதே நவம்பர் 7-இல் மேரி கியூரி (1867), சி.வி. ராமன் (1888), கமல் ஹாசன் (1954). அன்றைக்கு மட்டும் பலகையில் எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருக்கும்.

நட்சத்திரப்படி பார்த்தால்?

நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தானே பார்த்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனுக்கு ஐப்பசி சதயத்தில் விழா, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. ஆங்கிலத் தேதி வருடா வருடம் நகரும், நட்சத்திரம் நிற்கும். 12 மாதம், 27 நட்சத்திரம், பெருக்கினால் 324. தேதியைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் 23-க்குப் பதில் 22 பேரிலேயே பாதி வாய்ப்பு வந்துவிடும்.

எங்கள் அப்பா செட்டில் பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதி பிறந்தநாளாக இருக்கிறதே?

அது பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்தநாள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அதற்கு ஏற்ற ஒரு தேதியை வாத்தியார் எழுதுவார். எனக்கும் அப்படித்தான். சான்றிதழில் ஜூன் 1. அம்மாவைக் கேட்டால், “தை மாசம், கரும்பு வெட்டுறப்ப” என்பார். பழைய தலைமுறைப் பிரபலங்களின் தேதியைப் பார்க்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

என் பிறந்தநாளில் பிறந்தவர் யார் என்று எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது?

வாட்ஸ்அப்பில் வருகிற பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் ஒரே தேதி இருக்கிறதா பாருங்கள். 1752-க்கு முந்தைய ஆங்கிலேயர், 1918-க்கு முந்தைய ரஷ்யர் என்றால் எந்தக் காலண்டர் என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் போன்றவர்களுக்கு ஞானஸ்நானத் தேதிதான் பதிவில் உண்டு, 1564 ஏப்ரல் 26. ஏப்ரல் 23 என்பது ஊகம்.

எங்கள் வீட்டுப் பிள்ளை பெயரையும் பலகையில் எழுதுவீர்களா?

எழுதுவேன். போன டிசம்பர் 11-இல் பாரதி, ஆனந்த் இருவருக்கும் கீழே நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதினேன். பள்ளி மணி அடித்த பிறகும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, அவள் தாத்தா போய் யாரிடமோ போன் வாங்கி வந்து படம் எடுக்கும் வரை. பெயரையும் தேதியையும் முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, அன்றைக்கு உள்ளதை வியாழக்கிழமையே எழுதிவிடுவேன்.